வாஷிங் மெஷின் தொட்டியில் வெடிப்பா? பசை வேண்டாம், உருக்கிச் சேருங்கள்

மலையகத்தில் வாஷிங் மெஷின் படும் பாடு தனி. மழை மாதங்களில் கம்பளியும் ஸ்வெட்டரும் ஒன்றாக உள்ளே போகும். மலைக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்பில் ஒட்டிய குறுணிக்கல்லும் கூடவே போகும். மெஷின் நிற்பதோ பெரும்பாலும் பின்பக்கத்துச் சரிவான சிமெந்துத் தரையில். ஆடி ஆடி ஒருநாள் தொட்டி வெடித்து ஒழுகும். ஆட்டோ பிடித்து ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ ஏற்றிப் போவதற்கு முன், சிறிய வெடிப்பென்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம். இங்கே சொல்வது இரட்டைத் தொட்டி செமி ஓட்டோ மெஷினுக்கு.

முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றுங்கள். உள்ளே உருளை மாதிரி இருக்கும் கெப்பாசிட்டரின் முனைகளைத் தொடவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். தொட்டியை வெளியே துடைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வடிகால் குழாயிலோ, அடியில் சுழலும் விசிறியின் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீலிலோ கசிந்தால் அது வேறு வேலை. அந்தப் பாகத்தை மாற்றினால் போதும். வெடிப்பிலிருந்து வந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

துணி பிழியும் உள்கூடையில் வெடிப்பு என்றால் ஒட்டுவேலையே வேண்டாம். அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. பிரிந்தால் துண்டு பறக்கும். புதுக்கூடை வாங்குங்கள். தண்டு வரும் துளைவரை ஓடிய வெடிப்பும் அப்படித்தான், ரிப்பெயார்க்காரரிடம் விட்டுவிடுங்கள்.

ஏன் பசை பிடிக்காது? இந்தத் தொட்டிகள் அநேகமாகப் பொலிப்ரொப்பிலீன். சுப்பர் க்ளூ, எபொக்சி, சிலிக்கோன் எதுவுமே அதன்மேல் ஒழுங்காகப் பிடிக்காது. இரண்டு நாள் தாங்குவது போலத் தெரியும், பிறகு மெஷின் அதிர அதிரத் தோலாக உரிந்து வரும். ஆனால் அதே பிளாஸ்டிக் 160 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். ஆகவே அதை அதனாலேயே ஒட்ட வேண்டும்.

தேவையானவை: 60 வொட் அளவிலான சோல்டரிங் அயன், அதாவது ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கருவி (பழைய முனை போதும், பிறகு அதில் ஈயம் பிடிக்காது), 3 மில்லிமீற்றர் ட்ரில் முனை, சாண்ட் பேப்பர், துருப்பிடிக்காத எவர்சில்வர் வலை. வலைக்குக் கடைக்குப் போக வேண்டாம், பழைய தேயிலை வடிகட்டியே போதும். அப்புறம் நிரப்புவதற்குக் கொஞ்சம் பிளாஸ்டிக். முக்கோண அடையாளத்தில் 5 என்று உள்ள (அதுதான் பொலிப்ரொப்பிலீன்) டப்பாவைக் கீற்றுக்கீற்றாக வெட்டிக்கொள்ளுங்கள். 2 என்று இருந்தால் அது வேறு பிளாஸ்டிக், தொட்டியோடு சேராது. சந்தேகமென்றால் தொட்டியின் மறைவான ஓரத்தில் ஒரு துளி உருக்கி வைத்து, ஆறியதும் நகத்தால் கிளப்பிப் பாருங்கள். சும்மா கழன்று வந்தால் அந்த டப்பா சரிவராது.

இனி வேலை. சவர்க்காரக் கறை போகக் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துப் பனிமூட்டத்தில் இது நினைப்பதைவிட நேரமெடுக்கும். அடுப்படியில் ஓர் இரவு வைப்பது நல்லது. ஈரத்தோடு உருக்கினால் நீராவிக் குமிழி வந்து ஒட்டு பஞ்சுபோலாகிவிடும். வெடிப்பின் இரு முனைகளிலும் ஒவ்வொரு துளை போடுங்கள். இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் வெடிப்பு மேலும் ஓடாமல் நிறுத்துவது இந்தத் துளைதான்.

வெளிப்பக்கத்தில், வெடிப்பின் நீளத்துக்கு, தடிப்பின் பாதிவரை அயன் முனையால் சாய்வான பள்ளம் போடுங்கள். யன்னல், கதவு திறந்திருக்கட்டும், புகையை முகர வேண்டாம், பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது. பிளாஸ்டிக் பழுப்பாகிப் புகைந்தால் சூடு அதிகம். முனையைச் சற்று எடுத்து ஆறவிடுங்கள். கருகிய பிளாஸ்டிக்குக்குப் பலம் இல்லை.

வெடிப்பை விட இரு பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக வலையை வெட்டி, அதன்மேல் அயனை மெல்ல அழுத்தி உள்ளே அமிழ்த்துங்கள். மேலே கீற்றை உருக்கி ஊற்றி, அடியிலுள்ள பிளாஸ்டிக்கும் சேர்ந்து உருகும்படி அயனைச் சுழற்றித் தேயுங்கள். மேலே மட்டும் உருகிப் படிந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கழன்றுவிடும். துளைகளையும் அப்படியே நிரப்புங்கள். உட்பக்கத்தில் வலை வேண்டாம், மெல்லிய ஒரு படை போதும்; ஆறியதும் சாண்ட் பேப்பரால் தேய்த்து விரல் தடக்காமல் ஆக்குங்கள், இல்லாவிட்டால் சட்டைதான் கிழியும்.

ஊதி ஆற்றவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது, தானாக ஆறட்டும். பிறகு பாதித் தண்ணீர் விட்டு ஒரு மணித்தியாலம் பாருங்கள். கசிந்த இடத்தைக் காயவைத்து அங்கே மட்டும் மறுபடி உருக்கினால் போதும். சரியென்றால் மூடியைப் பூட்டி, மெஷினின் கால்களை மட்டம் பார்த்து, கொஞ்ச உடுப்போடு ஓட்டுங்கள். குளிருக்கு அடுப்பில் கொதிக்க வைத்த தண்ணீரை நேரே ஊற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. முதலில் பச்சைத் தண்ணீர் விட்டு, அதில் சுடுநீரைக் கலந்துகொள்ளுங்கள்.