சாட்ஸ்வொர்த்தில் அம்மாவின் மருந்துக்கு வழி கிடைத்தது

அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு எங்களோடு வந்ததும் மாத்திரைக்கு எங்கே போவது என்பதே பெரிய கவலை. அரசு மருத்துவமனை ஒன்றில் காலையிலிருந்து காத்திருந்தோம். கிளினிக் கடிதம் இல்லாமல் பார்க்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். வயதானவரை அப்படி அலைக்கழித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா. அவசரம் தவிர எல்லாம் நம் பகுதி கிளினிக்கில்தான் தொடங்க வேண்டுமாம். 1996 முதல் அங்கே கட்டணம் கிடையாது. அடையாள அட்டை, முகவரிக்கு மின்கட்டண ரசீது, தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன். நர்ஸ் அந்த அட்டைகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் பார்த்து எழுதிக்கொண்டார். அவை இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது.

அப்புறம் முக்கியமான விஷயம். நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் அரசு மருந்தை வீட்டருகே மருந்துக்கடையிலேயே இலவசமாக வாங்கிக்கொள்ளத் திட்டம் இருக்கிறது. 'டப்லாப் மெட்ஸ்' என்பார்கள். கிளினிக்கில் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். மருந்து வந்ததும் கைப்பேசிக்குச் செய்தி வரும், அதனால் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரவில் ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 10177, கைப்பேசியிலிருந்து 112.