விமானத்தைத் தவறவிட்டால்: வீட்டுக்குத் திரும்பும் முன் செய்ய வேண்டியவை

போன வருடம் என் தம்பி மஸ்கட்டுக்குப் புறப்பட்ட நாளில் மார்த்தாண்டத்திலிருந்து நேரத்தோடுதான் கிளம்பினோம். காரோட்டில் பைபாஸ் ஏறி, கோவளம் தாண்டி, ஈஞ்சக்கல் வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் சாக்கைப் பக்கத்தில் போய் இறங்கினோம். வெளிநாடு போகிறவர்களுக்குச் சாக்கைப் பக்கத்து டெர்மினல் என்பது களியக்காவிளை வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது மும்பை வழியாகப் போகும் டிக்கெட். முதல் விமானம் உள்நாட்டு விமானம். அது புறப்படுவது சங்குமுகத்தில் இருக்கும் முதல் டெர்மினலிலிருந்து. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஓடுபாதை கிடக்கிறது. காரில் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, பெட்டியைக் கொடுத்து போர்டிங் பாஸ் (விமானத்தில் ஏறும் சீட்டு) வாங்கும் செக்-இன் கவுண்டரை மூடிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. விமானம் இன்னும் தரையில்தான் நின்றது.

"வா அக்கா, வீட்டுக்குப் போய்விடலாம்" என்று தம்பி பெட்டியைத் தூக்கினான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அப்போதே திரும்பியிருந்தால், ஊருக்கு வரும் டிக்கெட் உட்பட எல்லாம் போயிருக்கும். இப்படி வெட்கத்தோடும் கண்ணீரோடும் வாசலிலிருந்தே திரும்பிவிடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: வழியிலேயே தாமதம் என்று தெரிந்தால்

டிக்கெட்டில் இருப்பது விமானம் நகரும் நேரம். கவுண்டர் அதற்கு வெகு முன்பே மூடிவிடும். உள்நாட்டு விமானம் என்றால் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பு. வெளிநாட்டு விமானம் என்றால் 60 முதல் 75 நிமிடம் முன்பு. ஏறும் வாயிலை அடைப்பதும் ஏறக்குறைய 25 நிமிடம் முன்பு. பாலராமபுரம் நெரிசலில் மாட்டிக்கொண்டு, எட்டு மணி விமானத்துக்கு ஏழேகாலுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுவதில் பயனில்லை.

உள்நாட்டுப் பயணமாக இருந்து, கையில் கொண்டுபோகும் பை மட்டும்தான் என்றால், காரில் இருந்தபடியே செல்போனில் செக்-இன் செய்துவிடுங்கள். போர்டிங் பாஸ் கையில் இருந்தால் கவுண்டர் மூடினாலும் நேராகப் பாதுகாப்புச் சோதனைக்குப் போகலாம். பெரிய பெட்டி இருந்தால் இந்த வழி உதவாது.

போய்ச் சேரவே முடியாது என்று உறுதியானால், விமானம் புறப்படும் முன்பே நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்துத் தேதியை மாற்றக் கேளுங்கள். புறப்பட்ட பிறகு உங்கள் பெயர் 'நோ ஷோ' கணக்கில், அதாவது சொல்லாமல் வராதவர் கணக்கில் விழும். அதற்குப் பெரும்பாலும் தனி அபராதம் உண்டு. முன்கூட்டியே மாற்றினால் ஆகும் செலவு அநேகமாக அதைவிடக் குறைவு.

இரண்டாம் படி: மீதி டிக்கெட்டைக் காப்பாற்றுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். நேராக உங்கள் விமான நிறுவனத்தின் டிக்கெட் கவுண்டருக்குப் போங்கள். டெர்மினலுக்குள் விடவில்லை என்றால் காவலரிடமே கேளுங்கள், இடத்தைக் காட்டுவார். டிக்கெட்டில் இருக்கும் பி.என்.ஆர். எண்ணையும் (முன்பதிவு எண்) பாஸ்போர்ட்டையும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழோ மலையாளமோ, வாய்க்கு வருகிற மொழியில் பேசுங்கள். திருவனந்தபுரத்தில் இரண்டும் செல்லும்.

எங்களிடம் பேசிய இளைஞர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். தம்பியின் பெயருக்குக் கீழே நான்கு வரிகள்: திருவனந்தபுரத்திலிருந்து மும்பை, மும்பையிலிருந்து மஸ்கட், பிறகு திரும்பி வரும் இரண்டு. "சேச்சி, முதல் வரியில் ஆள் ஏறவில்லை என்று பதிவானால் கீழே இருக்கும் மூன்றும் தானாகவே ரத்தாகிவிடும்" என்றார். மும்பைக்கு ரயிலில் போய் அங்கிருந்து மஸ்கட் விமானத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று தம்பி மனத்தில் போட்டு வைத்திருந்த திட்டம் அங்கேயே முடிந்தது. ஒரே டிக்கெட்டில் இருக்கும் பயணங்களை வரிசை மாறாமல்தான் பயன்படுத்த வேண்டும். நடுவில் இருந்து ஏற முடியாது.

ஆகவே கவுண்டரில் மூன்று விஷயம் கேளுங்கள். மீதிப் பயணங்களை ரத்தாகாமல் வைத்திருக்க முடியுமா? அடுத்து எந்த விமானத்தில் இடம் இருக்கிறது? அபராதமும் கட்டண வித்தியாசமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு வாய்வார்த்தையாகப் பதில் வாங்காதீர்கள். தொகையைத் திரையில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், புதிய டிக்கெட் உங்கள் மின்னஞ்சலுக்கு வந்த பிறகு இடத்தை விட்டு நகருங்கள். கோபப்படாமல் பேசுங்கள். கவுண்டரில் இருப்பவர் சட்டத்தை மாற்ற முடியாது. ஆனால் எந்த வழி குறைந்த செலவு என்று தேடித் தருவது அவர் மனத்தில் இருக்கிறது.

இமிக்ரேஷன் (குடியேற்றச் சோதனை) முடிந்த பிறகு தவறவிட்டால்

எங்கள் தெருவில் ஒரு மாமாவுக்கு இது நடந்தது. எல்லாச் சோதனையும் முடித்து, தம்மாம் விமானத்துக்குக் காத்திருக்கையில், வேறு வாயிலுக்கு எதிரே உட்கார்ந்து தூங்கிவிட்டார். கண் விழித்தபோது தாம் ஏற வேண்டிய வாயில் அடைத்திருந்தது.

இந்த நிலையில் தானாக வெளியே நடந்து வர முடியாது. பாஸ்போர்ட்டில் நாட்டை விட்டுப் போனதாக முத்திரை விழுந்திருக்கிறது. வாயிலில் இருக்கும் நிறுவன ஊழியரிடம் சொல்லுங்கள். அவர்தான் உங்களை இமிக்ரேஷனுக்குத் திரும்ப அழைத்துப் போவார். அங்கே அந்த முத்திரையை ரத்து செய்து தருவார்கள். ரத்து செய்திருக்கிறதா என்று பக்கத்தைத் திறந்து, நின்ற இடத்திலேயே பாருங்கள். ஆள் ஏறாத விமானத்தில் அவருடைய பெட்டியை அனுப்பமாட்டார்கள், இறக்கிவிடுவார்கள். பெட்டிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து அதைக் காட்டிப் பெட்டியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

புதிய டிக்கெட் எடுக்கும் முன்

பழைய டிக்கெட்டை மாற்ற ஆகும் செலவையும் புது டிக்கெட் விலையையும் ஒப்பிடுங்கள். ஒருவழி டிக்கெட்டாக இருந்தால் சில நேரம் புதிது மலிவு. திருவனந்தபுரத்தில் இடம் இல்லை என்றால் கொச்சியைப் பாருங்கள். வளைகுடாவுக்கு அங்கிருந்து விமானங்கள் அதிகம். ரயிலில் போனால் ஆலுவாவிலோ அங்கமாலியிலோ இறங்கி நெடும்பாசேரிக்குப் போகலாம். மதுரையையும் பார்க்கலாம்.

இன்னொன்று, வேலைக்குப் போகிறவர் கவுண்டரில் நின்றபடியே முதலாளிக்கோ கம்பெனிக்கோ ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும். விசா எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்த பிறகே புதிய தேதியை முடிவு செய்யுங்கள். சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் என்றால் மறுநுழைவு விசாவின் கடைசி நாளைப் பாருங்கள். அதை நீட்டிக்க அங்கே இருக்கும் முதலாளி உதவ முடியும். அமீரகத்தில் வசிப்பவர் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு விசா செல்லாமல் போகும்.

பணம் முழுதும் போய்விடுவதில்லை

இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 'பணம் திரும்பாது' என்று எழுதியிருக்கும் மலிவு டிக்கெட்டாக இருந்தாலும், பயணி ஏறவில்லை என்றால் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அதைத் திருப்பித் தருவதற்கென்று தனிக் கட்டணம் பிடிக்கவும் கூடாது. தொகை சிறியதல்ல. திருவனந்தபுரத்தில் பயணிகள் கட்டணம் மட்டும் 2024 ஜூலையில் உள்நாட்டுக்கு 770 ரூபாய், வெளிநாட்டுக்கு 1,540 ரூபாய் என்று உயர்ந்தது. நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் கணக்குப் பாருங்கள். ஆனால் கேட்காமல் வராது, எழுத்தில் கேளுங்கள்.

ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட் என்றால் பணம் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாகத்தான் திரும்பும். அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டிக்கெட்டில் பலர் தங்கள் செல்போன் எண்ணுக்குப் பதிலாக ஏஜென்ட் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். விமான நேரம் மாறினால் செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. டிக்கெட் கைக்கு வந்த அன்றே உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

தவறு உங்களுடையது இல்லை என்றால்

ஒரே டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டீர்கள் என்றால், உங்களை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் அந்தப் பொறுப்பு கிடையாது. இடைவெளி குறைவாக இருக்கும் பயணத்துக்கு ஒரே டிக்கெட்டாக எடுக்கச் சொல்வது அதனால்தான்.

நேரத்துக்கு வந்தும், இருக்கையைவிட அதிகம் விற்றுவிட்டதால் ஏற்ற மறுத்தால் அது வேறு கணக்கு. இந்திய நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் தராவிட்டால் இழப்பீடு தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாற்று கிடைத்தால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு இரு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய் வரை. நிறுவனம் பதில் சொல்லவில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம்.

அடுத்த முறைக்கு

நள்ளிரவு தாண்டிய விமானங்களில் தேதி குழப்பும். 14ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 13ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடித்ததும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 14ஆம் தேதி இரவு போய் நின்றவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பார்த்து, வட்டமிட்டு, வண்டி ஓட்டுகிறவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாப சுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் (சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோவது) ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்த இரண்டு நாட்களிலும் மாலையில் நான்கைந்து மணி நேரம் விமானம் எதுவும் ஓடாது. நேரங்கள் மாற்றப்பட்டிருக்கும், சாலையிலும் கூட்டம் இருக்கும். அந்த மாதங்களில் டிக்கெட் எடுத்தால் ஆறாட்டு என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு எடுங்கள்.