பழைய பென்ஸ் டீசல் வேகனை வீட்டிலேயே தேற்றுவது எப்படி?

மெர்சிடஸ் 123 வரிசை வேகன் (டிக்கியின் மேலேயும் கூரை நீளும் கார்) ஒன்றை மலிவாக வாங்கிவிட்டீர்கள், அல்லது வாங்கும் ஆசையில் இருக்கிறீர்கள். இந்த விளக்கம் உங்களுக்குத்தான். நான் எடுத்துக்கொள்வது 300 டிடி: ஐந்து சிலிண்டர், 3 லிட்டர், டர்போ இல்லாத டீசல். மெர்சிடஸ் தானே கட்டி விற்ற முதல் வேகன் இந்த வரிசைதான். 1977-இல் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சிக்கு வந்தது. 1978 முதல் 1986 வரை பிரெமன் ஆலையில் தயாரானது. நான்கு சிலிண்டர் 240 டிடி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்குபவர்கள் எல்லோரும் பானட்டைத் திறந்து இன்ஜினைத்தான் பார்ப்பார்கள். ஓடோமீட்டரில் நாலு லட்சம் கிலோமீட்டர் இருந்தால் பயந்துவிடுவார்கள். இந்த இன்ஜினுக்கு அது ஒரு தூரமே இல்லை. இந்த வண்டிகளைச் சாகடிப்பது துரு. எனவே நம் வேலையும் அங்கிருந்துதான் தொடங்கும்.

1. துருவைத் தேடுதல்

ஜாக்கியை எடுக்கும் முன்பே பாருங்கள், ஏனென்றால் ஜாக்கி மாட்டும் இடங்கள்தான் முதலில் இற்றுப்போகும். பக்கவாட்டில் நான்கு துளைகள் இருக்கும். மூடியைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தால் சுற்றிலும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே தகடு இல்லை.

அப்புறம் பார்க்க வேண்டிய இடங்கள்: கால்மிதிக்குக் கீழே தரை, பின்சக்கர வளைவுகள், பேட்டரித் தட்டுக்கு அடியில், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள். வேகனுக்கென்றே சில தொல்லைகளும் உண்டு. பின்பக்க நீளக் கண்ணாடிகளின் ரப்பர் காய்ந்து வெடித்தால் மழைநீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, டிக்கியின் இரு ஓரப் பள்ளங்களில் தேங்கும். பக்கவாட்டு மூடிகளைக் கழற்றி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பின்கதவின் அடிவிளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கூரையில் திறக்கும் கண்ணாடியோ தகடோ இருந்தால் அதன் வடிகால் குழாய்களில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளியே வருகிறதா என்று சரிபாருங்கள்.

மேல்துருவை நீங்களே சரிசெய்யலாம். கம்பி பிரஷ் போட்டு வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, துரு மாற்றி (மிஞ்சிய துருவைச் செயலிழக்க வைக்கும் திரவம்) தடவி, எபாக்சி பிரைமர், அதன்மேல் பெயின்ட். தேய்க்காமல் துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பது வண்டியை விற்கப்போகிறவர் செய்யும் வேலை.

ஓட்டை விழுந்துவிட்டால் வெல்டிங்தான். பட்டி போட்டு மூடாதீர்கள். எடை தாங்கும் இடங்களில் ஃபைபர் ஒட்டு, ரிவெட் தகடு எதையும் ஜெர்மனியின் டியூஃப் சோதனையில் (வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை) ஏற்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. வெல்டிங் கை வராதவர்கள் அதற்கு மட்டும் ஆள் வைக்கலாம். ஆனால் சீட், கார்ப்பெட், ஒலித்தடுப்பு அட்டை எல்லாவற்றையும் நீங்களே கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டுக் கொண்டுபோனால் கூலியில் பெரும்பகுதி மிச்சம்.

வரிசை முக்கியம்: வெல்டிங், பிரைமர், இணைப்புகளுக்கு சீலன்ட், பெயின்ட், கடைசியாகத்தான் உள்துவாரங்களுக்கு மெழுகு. மெழுகு அடித்த உள்துவாரத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும்.

2. ஓட்டும் முன் பிரேக்கும் டயரும்

இதில் நீட்டி முழக்க எதுவும் இல்லை. ரப்பர் பிரேக் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் டாட் 4, பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதிது ஊற்றி, ஏர் எடுங்கள் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்). டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 1416 என்றால் 2016-இன் 14-வது வாரம். பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் பத்து வயது தாண்டியதை நம்பாதீர்கள்.

அந்தக் காலத்து பிரேக் பேடுகளிலும் கேஸ்கெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

3. ஆயில்

15டபிள்யூ-40 டீசல் ஆயில் போதும். ஃபில்டரும் சேர்த்து மாற்றினால் சுமார் ஆறரை லிட்டர் பிடிக்கும். இன்ஜினை மிதமாகச் சூடாக்கி நிறுத்தியபின், கீழே வடிகால் போல்ட்டைத் திறக்கும் முன் மேலே ஃபில்டர் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, ஃபில்டரைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். அப்போதுதான் கிண்ணத்தில் நிற்கும் பழைய ஆயிலும் கீழே இறங்கும். போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர் போடுங்கள். மாற்றிய மறுநாளே ஆயில் கறுத்துவிடும். டீசலில் அது சகஜம், பதற வேண்டாம்.

பழைய ஆயிலை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். விற்ற அளவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடமை ஜெர்மனியில் கடைக்கு உண்டு, பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். தெருவோரத்தில் இந்த வேலை வேண்டாம். மணிக்கணக்கில் லிஃப்ட் வாடகைக்கு விடும் பட்டறைகள் பல ஊர்களில் இருக்கின்றன.

4. டீசல் வரும் பாதை

பழைய டீசல் வண்டி கிளம்ப மறுத்தால் பத்தில் ஒன்பது பேர் உடனே இன்ஜெக்ஷன் பம்ப்பை (டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) குறை சொல்வார்கள். பம்ப் கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். டேங்கிலிருந்து நாசில் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) வரை வரிசையாக வாருங்கள்.

டேங்கின் வெளிவாயில் ஒரு வலை இருக்கிறது. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் டீசலும் ஈரமும் சேர்ந்து கருப்புச் சகதி வளர்ந்து அந்த வலையை அடைத்துவிடும். ஐடிலில் நன்றாக ஓடி, நெடுஞ்சாலையில் ஏறியதும் மூச்சு வாங்கும் வண்டிகளில் முதலில் அங்கே பாருங்கள்.

அடுத்தது சின்ன பிளாஸ்டிக் ஃபில்டர், கண்ணாடிபோல உள்ளே தெரியும். அதற்கு அடுத்தது பெரிய திருகு ஃபில்டர். இரண்டும் விலை குறைவு, யோசிக்காமல் மாற்றுங்கள். பெரியதை மாட்டும் முன் சுத்தமான டீசலால் நிரப்பிக்கொண்டால் ஏர் எடுக்கும் நேரம் குறையும்.

ஏர் எடுப்பது இப்படி: இன்ஜெக்ஷன் பம்ப்பின் பக்கத்தில் கையால் அடிக்கும் சிறு பம்ப் இருக்கும். குமிழைத் திருகித் தளர்த்தி, கை கனக்கும்வரை மேலும் கீழும் அடித்து, மறுபடி இறுக்குங்கள். பழைய வெள்ளைக் குமிழ் வகை கசியும். கசிந்தால் டீசல் வெளியே வரும், காற்று உள்ளே போகும். கருப்புக் குமிழோடு வரும் புது வகையை வாங்கிப் போடுவதே மேல். அப்படியும் கிளம்பாவிட்டால் நாசில்களுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டுகளை 17 ஸ்பேனரால் அரைச்சுற்று தளர்த்தி, ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லி, டீசல் கசியத் தொடங்கியதும் இறுக்குங்கள். முகத்தையும் கையையும் தள்ளி வையுங்கள்.

நாசிலுக்கு நாசில் தாவும் துணி சுற்றிய சின்ன ஹோஸ்களையும் மறக்காதீர்கள். இன்றைய டீசலில் 7 சதவீதம் வரை பயோடீசல் கலந்திருக்கலாம், அதைப் பழைய ரப்பர் தாங்குவதில்லை. மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிப் போடலாம்.

5. டேப்பெட்டும் ஹீட்டர் ப்ளக்கும்: ஒரே நாளில்

டேப்பெட் பார்ப்பது, அதாவது வால்வ் இடைவெளியைச் சரிசெய்வது, இந்த வண்டியில் எனக்குப் பிடித்த வேலை. செலவு ஒரு கேஸ்கெட் மட்டுமே, பலனோ உடனே தெரியும். வால்வைத் திறக்கும் கேமுக்கும், அதன் அழுத்தத்தை வால்வுக்குக் கடத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் சிறு சந்துதான் வால்வ் இடைவெளி. ஓட ஓட இந்த இன்ஜினில் அது குறைந்துகொண்டே வரும். இடைவெளி இல்லாத வால்வ் முழுதாக மூடாது, கம்ப்ரஷன் குறையும். 21:1 கம்ப்ரஷன் தரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது என்பதால், விளைவு காலைக் குளிரில் தெரியும்: நீளமாக ஸ்டார்ட்டர் அடிப்பது, வெள்ளைப் புகை, உதறல். சுமார் 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைப் பார்ப்பது வழக்கம்.

தேவை: இதற்கென்றே வளைத்துச் செய்த 14 மி.மீ. ஸ்பேனர்கள் (சாதாரண ஸ்பேனர் உள்ளே நுழையாது), ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), புது வால்வ் கவர் கேஸ்கெட், 27 மி.மீ. சாக்கெட்.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின இரவே நிறுத்திவிடுங்கள். வால்வ் கவரின்மேல் ஆக்சிலரேட்டர் கம்பிகள் போகும். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, உருண்டை மூட்டுகளைக் கழற்றி, கவரைத் தூக்குங்கள்.

இப்போதே ஹீட்டர் ப்ளக்குகளையும் (குளிரில் கிளம்ப இன்ஜினுக்குள் சூடேற்றுபவை) சோதித்துவிடலாம். ஒவ்வொன்றின் வயரையும் கழற்றி, ப்ளக் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். பென்சில் வகை ஒரு ஓம் அளவில் காட்டினால் நல்லது, எதுவுமே காட்டாவிட்டால் எரிந்துபோனது. தொடக்க வருட வண்டிகளில் சுருள் வகை ப்ளக்குகள் தொடராக இணைந்திருக்கும், ஒன்று போனால் ஐந்தும் வேலை செய்யாது. ப்ளக்குகளை வெளியே எடுத்துவிட்டால் இன்ஜினைக் கையால் சுற்றுவதும் எளிது.

இன்ஜினின் முன்பக்கம் கீழே உள்ள கிராங்க் போல்ட்டில் 27 சாக்கெட் வைத்து, முன்னாலிருந்து பார்க்கையில் கடிகாரம் சுற்றும் திசையில் மட்டும் சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் டைமிங் செயினுக்கு ஆகாது. ஒரு கேமின் மூக்கு ராக்கரை விட்டு விலகி நிற்கும்போது அந்த வால்வை அளக்கலாம். இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30. டர்போ வண்டியில் எக்ஸாஸ்ட் 0.35. எது எது என்று குழம்பாமல் இருக்க, மேனிஃபோல்ட் குழாய்கள் ஹெட்டில் சேரும் இடங்களைப் பார்த்து மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே கேஜ் லேசான இழுப்போடு நுழைந்து வர வேண்டும். இல்லையென்றால் ஒரு ஸ்பேனரால் கீழ்நட்டைத் தளர்த்தி, மற்றதால் மேல்நட்டைத் திருப்பி, இரண்டையும் பிடித்து இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறும், அதனால் மறுஅளவு கட்டாயம். பத்து வால்வுகள், அவசரமில்லாமல் செய்யுங்கள்.

6. சாவியைத் திருப்பியும் நிற்காத இன்ஜின்

இந்த இன்ஜினை நிறுத்துவது மின்சாரம் அல்ல, வேக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிட இழுப்பு). சாவியை அணைத்ததும் வேக்குவம் போய் பம்ப்பை மூடும். அதே வேக்குவம்தான் கதவுப் பூட்டுகளுக்கும் போகிறது. ஏதோ ஒரு கதவில் ரப்பர் கிழிந்தால் இன்ஜின் நிற்க நேரமெடுக்கும், இல்லை நிற்கவே நிற்காது. எனவே முதல்முறை ஸ்டார்ட் செய்யும் முன்பே, இன்ஜின்மேல் ஸ்டாப் என்று எழுதிய நெம்புகோல் எங்கே என்று கண்டுபிடித்து வையுங்கள். அதை அழுத்தினால் நின்றுவிடும்.

கசிவைக் கண்டுபிடிக்க, பூட்டுகளுக்குப் போகும் குழாயைக் கழற்றி அடைத்துப் பாருங்கள். உடனே நிற்கிறதென்றால் குற்றவாளி பூட்டுப் பக்கம். கை வேக்குவம் பம்ப் ஒன்று இருந்தால் கதவு கதவாகச் சோதிக்கலாம்.

7. பின்பக்கம் மட்டும் குதிக்கிறதா?

வேகனின் பின்சஸ்பென்ஷனில் எடைக்கேற்ப உயரத்தைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் அமைப்பு உண்டு. அடியில் நைட்ரஜன் அடைத்த இரண்டு உருண்டைகள் இருக்கும். வயதானால் நைட்ரஜன் போய்விடும், அப்போது பின்பக்கம் மாட்டுவண்டி மாதிரி குதிக்கும். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்துப் பலர் தவறான பொருளை வாங்குகிறார்கள்.

உருண்டைகளை மாற்றும் முன் வண்டியைக் கட்டாயம் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். லெவல் வால்வில் உள்ள ப்ளீட் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகே குழாயில் கை வையுங்கள். அழுத்தம் போனதும் பின்பக்கம் தாழும். இதற்குரிய ஹைட்ராலிக் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் அத்தனையும் போய்விடும். சில பேர் இந்த அமைப்பையே பிடுங்கிவிட்டு கனமான ஸ்பிரிங் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெர்மனியில் 30 வயது கடந்த வண்டிக்கு ஹெச் எழுத்தில் முடியும் நம்பர் பிளேட் கிடைக்கும். வருட வரி சுமார் 191 யூரோ, பழைய பெரிய டீசலுக்கு அது பெரிய சலுகை. ஆனால் வண்டி நல்ல நிலையிலும் அசல் அமைப்பிலும் இருப்பதாக ஒரு நிபுணர் சான்று தர வேண்டும். ஆகவே கழற்றிய பழைய பொருள் எதையும், உடைந்த பிளாஸ்டிக் கிளிப் உட்பட, புதிது மாட்டி சரியாக உட்காரும்வரை குப்பையில் போடாதீர்கள்.