திருடிவிட்டு "எனக்கு ஜெயில் வேண்டாம்" என்றால்: ஆன்லைன் கேம் சர்வரில் தண்டனை விதி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் என்று பக்கத்துப் பக்கத்து ஊரில் இருக்கிற இருபது முப்பது பேர் சேர்ந்து ஒரு மைன்கிராஃப்ட் சர்வரோ, திருடன் போலீஸ் என்று வேடம் போட்டு ஆடும் ஜிடிஏ ரோல்பிளே சர்வரோ (சர்வர் என்றால் தாங்களே நடத்தும் தனி ஆன்லைன் கேம் உலகம்) தொடங்கினால், முதல் மாதத்துக்குள் இந்தத் தகராறு வந்தே தீரும். ஒருவன் அடுத்தவன் பெட்டியைத் திறந்து வைரத்தை அள்ளிவிடுவான். சர்வர் அவனை கேமுக்குள் இருக்கும் ஜெயிலில் போடும். சர்வரை நடத்தும் அட்மினுக்கு உடனே வாய்ஸ் மெசேஜ் வரும்: "அண்ணாச்சி, நான் சும்மா வெளையாடத்தான வந்தேன். இந்த ஜெயில் கியில்லாம் எனக்கு வேண்டாம், ஆஃப் பண்ணி விடுங்க." பறிகொடுத்தவனிடமிருந்து இன்னொன்று வரும்: "அவன விட்டியன்னா நான் இனி வரமாட்டேன் அண்ணாச்சி."

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறவனை அந்த நேரம் முழுக்கக் கம்பிக்குப் பின்னால் உட்காரவைப்பது கொடுமை. அடுத்தவன் மூன்று நாள் தோண்டிச் சேர்த்ததைக் கொண்டுபோனவனைச் சும்மா விடுவதும் கொடுமைதான்.

நம் பக்கத்துத் திண்ணைகளில் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை நினைத்தால் வழி தெரியும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலியை எடுத்தவன் ஆட்டை வெட்டலாம், ஆடுகள் சேர்ந்து புலியைக் கட்டலாம். புலி வேண்டாமென்றால் காயை எடுக்கும் முன்பே சொல்லிவிடலாம். நாலு ஆட்டை வெட்டிய பிறகு "என் புலியைக் கட்டாதே" என்றால் எதிரில் யாரும் உட்கார மாட்டார்கள். சர்வரிலும் இந்தத் திருட்டு, ஜெயில் ஆட்டத்திலிருந்து விலகும் உரிமையைக் குற்றத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

ஆட்டக் குற்றத்தையும் நிஜக் குற்றத்தையும் ஒரே கணக்கில் எழுதுவது

கேமுக்குள் பெட்டி திருடுவது, வங்கியைக் கொள்ளையடிப்பது, வழிமறித்து அடிப்பது எல்லாம் ஆட்டத்தின் பகுதி. அதற்குத் தண்டனை ஜெயில், ஃபைன், குற்றவாளி என்று காட்டப் பெயர் சிவப்பாவது போன்றவை. வாய்ஸில் சாதி சொல்லித் திட்டுவது, ஒரு பெண் பிள்ளையை விடாமல் தொந்தரவு செய்வது, ஹேக் போட்டு ஆடுவது வேறு வகை. அதற்கு எச்சரிக்கை, பேன் (சர்வருக்குள் வரவிடாமல் தடுப்பது). இரண்டாவது வகையில் விலகல் என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. இரண்டுக்கும் தனித்தனிச் சேனல், தனித்தனிப் பதிவேடு வையுங்கள். கெட்ட வார்த்தை பேசியவனை கேம் ஜெயிலில் பத்து நிமிடம் போட்டால், பத்து நிமிடத்துக்கு ஒரு கெட்ட வார்த்தை என்று விலை வைத்ததாகிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. ஒருவர் பாஸ்வேர்டைத் திருடி அவர் அக்கவுண்டுக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவில் வரும் குற்றம். 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதை அட்மின் பஞ்சாயத்தில் தீர்க்கக் கூடாது.

தண்டனைக்கு மட்டும் ஸ்விட்ச் வைப்பது

இருப்பதிலேயே பெரிய தவறு இது. "ஜெயில் வேண்டாம்" என்று ஒரு பட்டன் வைத்து, திருடும் வசதியை அப்படியே விட்டுவிட்டால், ஒரு வாரத்தில் எல்லாத் திருடர்களும் அந்தப் பட்டனைப் போட்டிருப்பார்கள். மாட்டிக்கொள்வது விவரம் தெரியாமல் புதிதாக வந்தவன் மட்டும்.

பெரிய கேம்கள் இதைச் சரியாகக் கட்டியிருக்கின்றன. ஜிடிஏ ஆன்லைனில் பாசிவ் மோடு போட்டவனை மற்றவர்கள் சுட முடியாது, அவனும் யாரையும் சுட முடியாது. 2003-இல் வந்த விண்கப்பல் கேமான ஈவ் ஆன்லைனில் சேஃப்டி பட்டன் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். பச்சையில் இருந்தால் சட்டத்தை மீறும் எந்தச் செயலையும் கேமே செய்யவிடாது. சிவப்புக்கு மாற்றியவன் காவல் மிகுந்த பகுதியில் அப்பாவியைத் தாக்கினால் கான்கார்ட் என்ற கேம் போலீஸ் வந்து அவன் கப்பலை உடைக்கும். அங்கே போலீஸிடமிருந்து விலக ஒரே வழி, பட்டனைச் சிவப்புக்கு மாற்றாமலே விட்டுவைப்பது.

சின்ன சர்வரிலும் இதே கட்டுதான். விலகியவன் அடுத்தவர் பெட்டியைத் திறக்க முடியாது, அவன் அடி அடுத்தவர் மேல் விழாது, அவன் பெட்டியையும் யாரும் தொட முடியாது. இந்த மூன்றும் ஒரே ஸ்விட்சில் சேர்ந்தே மாற வேண்டும். கொள்ளைப் பணத்தில் பங்கு வாங்குவதையும் நான்காவதாகத் தடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விலகிய தம்பியிடம் லூட்டை (கொள்ளைப் பொருளை) கொடுத்துவைத்துவிட்டு அண்ணன் வெறுங்கையோடு ஜெயிலுக்குப் போவான். திருட்டு நடந்த அரை மணி நேரத்துக்கு அந்தப் பொருளை விலகியவர்களுக்குக் கைமாற்ற முடியாதபடி வைத்தாலே போதும்.

விலகாமல் நிற்பவனுக்குச் சின்ன ஆதாயமும் வேண்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2018-இல், ஒருவரையொருவர் தாக்கவிடும் வார் மோடைக் கொண்டுவந்தபோது, அதை ஆன் செய்தவர்களுக்கு 10 சதவீதம் கூடுதல் பலன் வைத்தது. ஆபத்துக்கு ஒரு கூலி கிடைத்தால் ஆள் இருப்பார்கள்.

எந்த நேரமும் மாற்றவிடுவது

அடித்துவிட்டு ஸ்விட்சைப் போட்டுக்கொண்டால் எல்லாம் வீண். மாற்றம் கேட்ட உடனே நடக்கக் கூடாது. கேட்ட பிறகு 30 நிமிட ஆட்ட நேரம் கழித்து அமலுக்கு வரட்டும், நாளுக்கு ஒரு தடவைதான் மாற்றலாம், சண்டையிலோ தேடப்படும் நிலையிலோ இருக்கும்போது மாற்றவே முடியாது. ஈவ் ஆன்லைனில் ஒருவன் குற்றவாளி நிலையில் இருக்கும் கடிகாரம் 15 நிமிடம் ஓடும். தேடப்படும் நிலைக்குச் சின்ன சர்வருக்கும் அந்த அளவு ஒத்துவரும்.

அடுத்த தொல்லை, அடி விழும்போது ஆட்டத்தை மூடிவிட்டு ஓடுவது. சில அட்மின்கள் கோபத்தில் "சண்டையில் வெளியேறினால் பொருள் அத்தனையும் போய்விடும்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனி, ஆடிக் காற்றில் தென்காசிப் பக்கம் கரண்ட் போனால் என்ன செய்வது? வைஃபை செத்து, ஒன்றும் அறியாதவன் எல்லாவற்றையும் இழப்பான். மைன்கிராஃப்ட் சர்வர் பதிவில், தானாக வெளியேறியவனுக்கு ஒரு வரியும் இணைப்பு அறுந்தவனுக்கு வேறு வரியும் வரும். அறுந்ததைச் சர்வர் கண்டுகொள்ள ஏறக்குறைய 30 விநாடி ஆகும். ஆனால் கேபிளைப் பிடுங்கினாலும் அதே வரிதான் வரும். ஆகவே பதிவைப் பார்த்து மனதைப் படிக்க முயலாதீர்கள். யார் எப்படிப் போனாலும் அவர் உருவம் 60 விநாடி அங்கேயே நிற்கட்டும். அடிக்கிறவன் அடிக்கலாம். அதற்கு மேல் தனித் தண்டனை வேண்டாம். வேண்டுமென்றே ஓடினவனுக்கு லாபமும் இல்லை, கரண்ட் போனவனுக்குப் பெரிய நஷ்டமும் இல்லை.

தண்டனையை வெறும் காத்திருப்பாக வைப்பது

"விலக விடுங்கள்" என்று கேட்கிறவர்களில் பலருக்கு வெறுப்பு தண்டனை மேல் இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பதன் மேல். ஒரு மணி நேர ஜெயில் என்பது ஸ்கூல் விட்டு வந்து, டியூஷன் முடித்து, டேட்டா தீருவதற்குள் ஆடுகிற பையனுக்கு அந்த நாளே போனதுதான். அவன் நாளைக்கு வர மாட்டான்.

1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனில் ஐந்து கொலை பதிவானவன் பெயர் சிவப்பாகும், ஊர்க்காவலர் கண்டதும் வெட்டுவார்கள். கொலைக்குக் குறுகிய காலக் கணக்கு, நீண்ட காலக் கணக்கு என்று இரண்டு; முதலாவதில் ஒரு கொலை கழிய 8 மணி நேரம், இரண்டாவதில் ஒன்று கழிய 40 மணி நேரம், அதுவும் கேமுக்குள் இருந்த நேரம். என்ன நடந்தது? கம்ப்யூட்டரை ஓடவிட்டு, ஆளை ஒரு மூலையில் நிறுத்திவைத்துக் கணக்கைக் கழித்தார்கள்.

இதைத் தவிர்க்க, கைதிக்கு மூன்று வழி கொடுங்கள். 10 நிமிடம் இருக்கலாம். அல்லது ஜெயில் குவாரியில் 128 கல் வெட்டிக் கொடுத்தால் உடனே வெளியே வரலாம். அல்லது ஃபைன் கட்டலாம். கல் வெட்ட நாலைந்து நிமிடம் ஆகும்படி கருவியையும் இடத்தையும் அமையுங்கள். இந்தத் தேர்வு கிடைத்ததுமே விலகல் கேட்கிற குரல் பாதி அடங்கிவிடும். ஒரு நிமிடம் கை அசையாமல் நின்றால் ஜெயில் கடிகாரமும் நிற்கும்படி வைத்துவிடுங்கள்.

ஃபைனில் செய்கிற தவறு, எல்லோருக்கும் ஒரே தொகை. 5,000 காயின் என்று வைத்தால், 50,000 திருடியவனுக்கு அது வாடகை மாதிரி. திருடிய மதிப்போடு அதில் பாதியைச் சேர்த்து வாங்குங்கள். 20,000 திருடினால் 30,000. அதில் 20,000 முதலில் பறிகொடுத்தவனுக்குப் போகட்டும், மிச்சம் 10,000 சர்வரிலிருந்தே அழியட்டும். போலீஸாக ஆடுகிறவன் பையில் போட்டால் பொய்க் கைது பெருகும். பறிகொடுத்தவனுக்கே முழுவதையும் கொடுத்தால் இரண்டு சேக்காளிகள் பேசிவைத்துத் திருட்டு நாடகம் ஆடுவார்கள்.

கை தவறியதையும் குற்றமாக எண்ணுவது

"கை தவறிட்டு அண்ணாச்சி" என்பது பல நேரம் உண்மை. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் வாளை வீசினால் பக்கத்தில் நிற்பவன் மேலும் வீச்சு படும். மந்திரம் ஏற்றாத வாளில் அந்த வீச்சு 1 புள்ளி, உயிர் மொத்தம் 20. வைர வாளின் நேர் அடி 7. இதை வைத்து எல்லை போடலாம்: 10 விநாடிக்குள் இரண்டு நேர் அடி விழுந்தால்தான் குற்றம் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் ஸாம்பியை (கேமில் வரும் நடைப்பிணத்தை) அடிக்கிறவன் வாள் முன்னால் வேண்டுமென்றே குதித்து, அவனைக் குற்றவாளியாக்கி லூட்டை அள்ளுகிற கூட்டம் கிளம்பும்.

முதலில் அடித்தவன் யார் என்பதும் பதிவாக வேண்டும். ரூன்ஸ்கேப்பின் ஓல்ட் ஸ்கூல் பதிப்பில், ஒருவரையொருவர் தாக்கலாம் என்று விட்டிருக்கும் வைல்டர்னஸ் பகுதியில் சும்மா இருந்தவனைத் தாக்கியவன் தலைக்கு மேல் மண்டையோடு வரும். திருப்பி அடித்தவனுக்கு வராது. மண்டையோடு உள்ளவன் செத்தால், மற்றவர்களுக்கு மிஞ்சுகிற மூன்று பொருளும் அவனுக்கு மிஞ்சாது.

பெட்டித் திருட்டுக்கு கோர்புரொடெக்ட் பிளகின் (சர்வரோடு சேர்க்கும் துணை மென்பொருள்) அவசியம். யார் எந்தப் பெட்டியில் எத்தனை எடுத்தார்கள் என்று காட்டும், திருப்பி வைக்கவும் முடியும். பதிவைப் பார்க்காமல் யாரையும் ஜெயிலில் போடாதீர்கள்.

மன்னிக்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவனுக்குக் கொடுப்பது நல்ல வழி. அல்டிமா ஆன்லைனில் செத்தவனிடம், கொன்றவனைக் குற்றவாளியாகப் பதிவுசெய்யட்டுமா என்று கேம் கேட்கும். "போட்டும்லே, விடு" என்று சொல்ல அவனுக்கு இடம் இருந்தது. ஆனால் மிரட்டி மன்னிப்பு வாங்குவதும் நடக்கும். அதனால் மன்னித்தானா என்பது எதிராளிக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், முடிவை மாற்ற 24 மணி நேரமும் தர வேண்டும்.

உலகத்தையே இரண்டாக வெட்டுவது

சண்டை முற்றியதும் "பாதுகாப்பு சர்வர் ஒன்று, அடிதடி சர்வர் ஒன்று" என்று பிரித்துவிடத் தோன்றும். 2000-இல் அல்டிமா ஆன்லைன் அதைச் செய்தது. டிராமெல் என்ற பாதுகாப்பான உலகம் வந்ததும் கூட்டம் அங்கே போனது, பழைய அடிதடி உலகமான ஃபெலுக்கா வெறிச்சோடியது. ரூன்ஸ்கேப் 2007 டிசம்பரில் வைல்டர்னஸில் ஒருவரையொருவர் தாக்குவதையே எடுத்தது. எதிர்ப்பு பெரிதாக எழுந்து, 2011 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். லட்சக்கணக்கில் ஆள் உள்ள கேம் அதைத் தாங்கும். முப்பது பேர் சர்வரைப் பதினைந்து பதினைந்தாக வெட்டினால் இரண்டுமே சாகும்.

ஒரே உலகத்தில் எல்லை போடுங்கள். நம் திருநெல்வேலியையே மேப்பாகக் கட்டியிருந்தால் தாமிரபரணி மேல் உள்ள சுலோச்சனா முதலியார் பாலம் இயற்கையான எல்லை. வண்ணார்பேட்டைப் பக்கம் யாரும் யாரையும் தொட முடியாது. பாலம் தாண்டி ஜங்ஷன் பக்கம் இறங்கினால் திருட்டும் உண்டு, போலீஸும் உண்டு. பாலத்தின் நடுவில் எழுத்துப் பலகை, திரையில் எச்சரிக்கை, 5 விநாடி அவகாசம். இந்த மூன்றும் இல்லாமல் எல்லை போட்டால் "தெரியாம வந்துட்டேன்" என்கிற பேச்சு ஓயாது.

காசு வாங்கி விடுவிப்பது

ஐம்பது ரூபாய் ஜிபே போட்டால் ஜெயில் இல்லை என்று ஒரு தடவை செய்தாலும் சர்வர் முடிந்தது. காசு உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டம் என்றாகிவிடும். ரோல்பிளே சர்வர்களில் கேம் பணத்தை நிஜக் காசுக்கு விற்கக் கூடாது என்று ஜிடிஏவை உருவாக்கிய ராக்ஸ்டார் 2022-இல் வெளியிட்ட விதியிலும் இருக்கிறது. சர்வர் செலவை எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

விதியை இங்கிலீஷில் மட்டும் ஒட்டிவைப்பது

இரண்டு பக்க இங்கிலீஷ் விதியை யாரும் படிப்பதில்லை. ஆள் முதலில் வந்து நிற்கும் ஸ்பான் இடத்தில் தமிழில் நாலு வரி போதும்:

"திருடலாம், மாட்டினா ஜெயில் உண்டு. ரெண்டும் வேண்டாம்னா இந்தப் பட்டன். பட்டன் போட்டா நீயும் யாரையும் தொட முடியாது. மாத்த அரை மணி நேரம் ஆகும்."

புதிதாக வருபவனுக்குப் பட்டன் விலகிய நிலையிலேயே இருக்கட்டும், அவனே தெரிந்து மாற்றட்டும். விதியை அமலாக்கிய முதல் இரண்டு வாரம், எத்தனை பேர் விலகியிருக்கிறார்கள், எத்தனை கைது, எத்தனை மன்னிப்பு, எத்தனை பேர் ஜெயிலில் இருக்கும்போதே கேமை மூடிவிட்டுப் போய் மறுநாள் வரவில்லை என்று தினமும் குறித்துவையுங்கள். இதில் கடைசி எண் ஏறினால் முதலில் ஜெயில் நேரத்தைக் குறையுங்கள், பட்டனில் கை வைக்காதீர்கள்.