கேமுக்கும் படத்துக்கும் ஒரே ஹெட்ஃபோன்: மூடிய வகையில் வசதியானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

படம் பாதி ஓடுவதற்குள் காது மடல் கன்றி, உச்சந்தலை வலிக்கத் தொடங்கினால், எவ்வளவு அருமையான ஒலியைத் தந்தாலும் அந்த ஹெட்ஃபோன் மேசையில்தான் கிடக்கும். வாங்குவோருக்கான குறிப்புகளோ பெரும்பாலும் ஒலியைப் பற்றி நான்கு பத்தியும், அணியும் சுகத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. காதை மூடும் கிண்ணத்தின் பின்புறம் அடைபட்டிருக்கும் மூடிய வகையில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது என்பது என் கட்சி. கிண்ணத்தின் விளிம்பிலுள்ள மெத்தையான திண்டு காதைச் சுற்றி இடைவெளியின்றிப் படிந்தால்தான் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி முழுமையாகக் கேட்கும். அப்படிப் படியவைக்கும் அழுத்தம் அளவு மீறினால் அதுவே வலியாகிவிடும். கண்ணாடி அணிபவன் என்பதால் இந்தச் சிக்கலை நான் நன்றாகவே அனுபவித்திருக்கிறேன். அதைத் தீர்த்த வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

படி 1: மூடிய வகை உங்களுக்குத் தேவைதானா?

அறையில் வேறு யாரேனும் உறங்குகிறார்கள், வெளிச் சத்தம் தொல்லை தருகிறது, அல்லது கேம் ஒலி உங்கள் மைக்கில் ஏறி எதிரில் இருப்பவர்களுக்குக் கேட்கிறது என்றால் மூடிய வகையே ஏற்றது. இவற்றில் எதுவும் இல்லாவிட்டால் கிண்ணத்தின் பின்புறம் அடைபடாத திறந்த வகையையும் கேட்டுப் பாருங்கள். அதில் ஒலி விரிந்து கேட்கும், காதும் குறைவாகவே வியர்க்கும். மூடிய கிண்ணம் பேச்சு, விசைப்பலகைத் தட்டல் போன்ற ஒலிகளை நன்றாகத் தடுக்கும் என்றாலும், இயந்திரங்களின் தாழ்ந்த உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. எதை வாங்கினாலும் காதை முழுமையாக உள்ளடக்கும் வகையாக இருக்கட்டும்; காது மடலின் மேலேயே உட்காரும் சிறிய வகையை நீண்ட நேரம் அணிந்திருப்பது கடினம்.

படி 2: ஸ்கேலை எடுத்துக் காதை அளங்கள்

காதின் மேல்நுனியிலிருந்து மடலின் அடிவரை அளந்தால் பெரியவர்களுக்குப் பொதுவாக 60 முதல் 70 மில்லிமீட்டர் வரை வரும். திண்டின் உள்திறப்பு அதைவிடச் சற்றேனும் நீளமாக இருக்க வேண்டும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘50 மில்லிமீட்டர்’ என்பது ஒலியெழுப்பும் டிரைவரின் விட்டம். உள்திறப்பின் அளவை அது சொல்லாது. நீளத்தைவிட ஆழம் முக்கியம். ஆழம் போதாவிட்டால் காதின் விளிம்பு டிரைவரை மூடியிருக்கும் துணியில் உரசிக்கொண்டே இருக்கும். முதல் பத்து நிமிடத்தில் அது தெரியவே தெரியாது. ஒரு மணி நேரத்தில் அந்த ஒரு புள்ளி மட்டும் எரியத் தொடங்கும்.

படி 3: எடையையும் இறுக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ கேபிள் நீங்கலாகச் சுமார் 270 கிராம். சோனியின் டபிள்யூஹெச்-1000எக்ஸ்எம்4 254 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் கிட்டத்தட்ட 385 கிராம். என்னைக் கேட்டால் 300 கிராமுக்கு உள்ளே இருப்பது நல்லது. ஆனால் எடை எங்கே இறங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். உச்சியில் ஒரே இடத்தில் அழுந்தும் குறுகிய தலைப்பட்டையைவிட, தொங்கும் அகலமான துணிப்பட்டை கூடுதல் எடையைக்கூடச் சுகமாகத் தாங்கவைக்கும்.

இறுக்கத்தைச் சோதிக்கத் தலையைக் குனிந்து பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். நழுவக் கூடாது, அதே சமயம் தாடையை அசைத்து மெல்லும்போது பொட்டில் நெருக்குவதாகவும் தோன்றக் கூடாது. புதிதில் இறுக்கமாக இருப்பது இயல்பு. தலைப்பட்டையின் உள்ளே உலோகத் தகடு இருந்தால், தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கின் மேல் ஓரிரவு மாட்டி வைத்துத் தளர்த்தலாம். முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆனதை அப்படிச் செய்ய வேண்டாம். இணைப்பு மூட்டில் விரிசல் விழுந்துவிடும்.

படி 4: திண்டு, கண்ணாடி, காற்றுக் கசிவு

என்னை அதிகம் அலைக்கழித்த படி இதுதான். கண்ணாடியின் காம்பு திண்டுக்கும் தலைக்கும் நடுவே புகுந்து, மேலும் கீழும் மெல்லிய இடுக்கை உண்டாக்குகிறது. அதன் வழியே காற்று கசிந்தவுடன் முதலில் காணாமல் போவது பேஸ்தான். வெடிச்சத்தம் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது. நாமோ ஹெட்ஃபோன் மட்டமானது என்று முடிவுகட்டி, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் பேஸை ஏற்றுகிறோம். கசிவு இருக்கும்வரை எவ்வளவு ஏற்றினாலும் பெரிய பயன் இருக்காது.

சோதனை எளியது. 40 அல்லது 50 ஹெர்ட்ஸ் அளவிலான சீரான தாழ்ந்த ஒலியை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். ஒலி சட்டென்று பெருகினால் எங்கோ கசிகிறது என்று பொருள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே ஒலியைக் கேளுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் கசிவுக்குக் காரணம் காம்புதான். வேறுபாடே இல்லையென்றால், காதுக்குக் கீழே தாடையோரத்தில் திண்டு படியாமல் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இதற்கு இறுக்கமான ஹெட்ஃபோன் தீர்வாகாது. அது காம்பை எலும்பின் மேல் அழுத்தி வலியைத்தான் கூட்டும். மெத்தென்று அமுங்கி, காம்பைச் சுற்றித் தானாக வளைந்துகொள்ளும் தடித்த நுரைத் திண்டே தீர்வு. மெல்லிய உலோகக் காம்புள்ள கண்ணாடியை அந்த நேரத்தில் அணிந்துகொண்டால் மீதிச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

திண்டின் மேலுறையைப் பொறுத்தவரை, செயற்கைத் தோல் காற்றை நன்றாக அடைக்கும், பேஸைத் திடமாகத் தரும்; ஆனால் காது வெந்துவிடும், சில ஆண்டுகளில் செதில் செதிலாக உதிரவும் செய்யும். வெல்வெட் போன்ற வெலூர் துணி காற்றோட்டமானது, சற்றே கசியும். நீண்ட அமர்வுகளுக்கு நான் வெலூர் பக்கமே நிற்பேன். ஆயினும் தோல் திண்டோடு வந்த ஹெட்ஃபோனுக்கு வெலூர் திண்டை வாங்கி மாட்டினால் ஒலியின் தன்மையே மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். தயாரிப்பாளர் அந்த ஒலியை அமைத்தது பழைய திண்டை வைத்துத்தான். ஆகவே தொடக்கத்திலேயே வெலூர் திண்டோடு வரும் மாதிரியைத் தேடுவது உத்தமம். திண்டைக் கழற்றி மாற்ற முடியாதபடி ஒட்டியிருக்கும் ஹெட்ஃபோன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

படி 5: கேபிளா, வயர்லெஸ்ஸா?

ப்ளூடூத்தில் ஒலி ஏறத்தாழ 200 மில்லிசெகண்டு வரைகூடத் தாமதமாக வரலாம். படம் பார்க்கும்போது பல செயலிகள் அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக் காட்சியையும் பிந்தவைத்துவிடுகின்றன. அதனால் உதடும் வசனமும் ஒத்துப்போகின்றன. கேமில் அடுத்த காட்சி உங்கள் விரலைப் பொறுத்தது என்பதால் அதைப் பிந்தவைக்க வழியில்லை; சுட்ட பிறகே சத்தம் வரும். மேலும், கணினியில் ப்ளூடூத் ஹெட்ஃபோனின் மைக்கை இயக்கியதும், வழக்கமான இணைப்பு தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறி, ஸ்டீரியோ போய் ஒலி மங்கிவிடும். கேமில் பேசிக்கொண்டே விளையாட வேண்டுமென்றால் கேபிள், அல்லது யூஎஸ்பி டாங்கிளோடு (யூஎஸ்பி துளையில் செருகும் சிறு கருவி) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் ஓட்டு, பிரித்தெடுக்கக்கூடிய கேபிளுக்கு.

கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவை சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனை நேரடியாக ஏற்பதில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் 2021 செப்டம்பரில் வந்த புதுப்பித்தலிலிருந்து ஏற்கிறது என்றாலும், ப்ளூடூத் மைக் அதில் இயங்காது. கன்ட்ரோலரிலுள்ள 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் செருகுவதானால், மின்தடை (ஓம் என்ற அலகில் குறிப்பது) 32 முதல் 80 ஓம் வரையிலான மாதிரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என மூன்று வகையில் விற்கப்படுகிறது. ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கித் தரும் ஆம்ப் இல்லாதவர்கள் 250 ஓம் வகையை வாங்கினால் ஒலி தணிந்தே கேட்கும்.

படி 6: சரவுண்ட் ஒலியை ஓரிடத்தில் மட்டும் இயக்குங்கள்

சுற்றிலுமிருந்து கேட்பதுபோன்ற சரவுண்ட் ஒலியைக் குறிக்கும் ‘7.1’ என்று எழுதியிருப்பதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான மாதிரிகளில் அது மென்பொருள் செய்யும் வேலை. விண்டோஸ் சோனிக், டால்பி அட்மாஸ் போன்றவை எந்த ஸ்டீரியோ ஹெட்ஃபோனிலும் அதைச் செய்யும். ஆனால் கேமின் அமைப்புகளில் ஹெட்ஃபோனுக்கான 3டி ஒலி இருந்தால் விண்டோஸில் இருப்பதை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடினால் காலடிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே புரியாது.

படி 7: திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் சோதியுங்கள்

முதல் ஒரு மணி நேரம் எந்த ஒலியும் இல்லாமல் வெறுமனே அணிந்துகொண்டு ஏதேனும் படியுங்கள். படமோ கேமோ ஓடும்போது கவனம் அதில் போய்விடுவதால் உறுத்தல் உறைக்காது. பிறகு ஒரு முழு நீளப் படம் பாருங்கள். கழற்றியதும் காதின் மேற்புறத்தையும் உச்சந்தலையையும் தொட்டுப் பாருங்கள். ஒரு புள்ளியில் மட்டும் நோவு இருந்தால் அது பெரும்பாலும் பழகிப் போகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர், மூடிய ஹெட்ஃபோனில் தங்கள் குரலே தலைக்குள் முழங்குவதாகவும், அதனால் கேமில் தங்களை அறியாமல் கத்திப் பேசுவதாகவும் கேட்டிருந்தார்கள். காது அடைபடும்போது எலும்பின் வழியே வரும் சொந்தக் குரல் வெளியேற வழியின்றித் தங்குவதால் இப்படி ஆகிறது. ஹெட்ஃபோனில் குறை இல்லை. ‘சைடுடோன்’ என்ற அமைப்பு இருந்தால், அதைக் குறைந்த அளவில் இயக்கி மைக்கின் ஒலியைச் சிறிது காதுக்குத் திருப்புங்கள். அது இல்லாத மாதிரிகளில், பேசும்போது ஒரு பக்கக் கிண்ணத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வதே நடைமுறையில் உதவுகிறது.