பெட்ரோல் காரில் சி.என்.ஜி.: மாட்டும் முன்னும் பின்னும்

ஆம்பூரிலிருந்து வேலூருக்குத் தினமும் காரில் வந்து போகிறவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டம். அவர் பெட்ரோல் காரைத் தாராளமாக சி.என்.ஜி.க்கு (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) மாற்றலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி போய்வரும் காருக்கு இது தண்டச் செலவு.

முதலில் இன்ஜினைப் பாருங்கள், கிட்டை (கேஸில் ஓட வைக்கும் கருவித் தொகுப்பு) அப்புறம் பார்க்கலாம். பெட்ரோலிலேயே திணறும் வண்டி கேஸில் இன்னும் மோசமாக ஓடும். சி.என்.ஜி.யில் பெரும்பகுதி மீத்தேன், அது பற்றிக்கொள்ள வலுவான தீப்பொறி வேண்டும். ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, கம்ப்ரஷன் (இன்ஜினுக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று) பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கிட். எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினுக்கு, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜினுக்கு, அதே வரிசையில் கேஸையும் தெளிக்கும் சீக்வென்ஷியல் கிட்தான் சரி. உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் பெற்றதா என்று சான்றிதழைக் கேளுங்கள். பிஎஸ்-6 (புகை வெளியீட்டுத் தரநிலை) பெட்ரோல் கார்களில் கிட் பொருத்த 2022-இல்தான் அனுமதி வந்தது. கேஸ் சிலிண்டரில் பொறித்த சோதனைத் தேதியையும் படியுங்கள். 3 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் வைத்துச் சோதிப்பது) கட்டாயம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சிலிண்டர் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது 200 பார் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலச் சுமார் 200 மடங்கு.

மாட்டுகிற நாளில் கூடவே இருங்கள். நாமே செய்கிற வேலை இல்லை, அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் செய்ய வேண்டும். ஆனால் கண் நம்முடையதாக இருக்கட்டும். டிக்கியில் உட்காரும் சிலிண்டர் கிட்டத்தட்ட ஓர் ஆளின் எடை. வெறும் தகரத்தில் போல்ட் போட்டால் தாங்காது, பிராக்கெட் வைத்து உறுதியான சட்டத்தோடு பிணைக்க வேண்டும். அடியில் ஓடும் கேஸ் குழாய் சைலன்சரை ஒட்டக் கூடாது.

சிலிண்டரிலிருந்து வரும் கேஸின் அழுத்தத்தைக் குறைத்து இன்ஜினுக்கு அனுப்பும் ரெடியூசரைக் குறிப்பாகக் கவனியுங்கள். அழுத்தம் சட்டென்று இறங்கும்போது கேஸ் கடுமையாகக் குளிரும். அதனால் ரேடியேட்டரின் சுடுநீர் ரெடியூசர் வழியாகவும் ஓட வேண்டும். என் காரில் அந்த ஹோஸை மாற்றி மாட்டிவிட்டார்கள். வேலூரின் கத்திரி வெயிலில் ரெடியூசர் மேல் வெள்ளையாக உறைபனி! வண்டி நடுரோட்டில் நின்ற பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது.

கேஸ் நிரப்பியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி, லைட்டர் பக்கத்திலேயே வரக் கூடாது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றத்தைப் பதியுங்கள், இன்சூரன்சிலும் சேர்த்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் விபத்து நடந்தால் கிளெய்ம் சிக்கலாகும்.

வண்டி பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் தானே கேஸுக்கு மாறும். அதனால் டேங்கை வறள விடாதீர்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இழுவை குறைந்தால் சுவிட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு வந்துவிடுங்கள். இறங்கும்போது திரும்ப கேஸ்.