இன்டர்வல் பயிற்சி: ஓட்டம் எவ்வளவு, ஓய்வு எவ்வளவு?

வேக ஓட்டமும் ஓய்வும் மாறி மாறி வரும் இன்டர்வல் பயிற்சியைத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்றுதான். எவ்வளவு நேரம் ஓய்வெடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. ஒரே 200 மீட்டரை ஓடினாலும், நடுவில் விடும் ஓய்வைப் பொறுத்து பயிற்சியின் பலனே மாறிவிடும்.

1. எதற்காக ஓடுகிறீர்கள்?

வேகத்துக்கு என்றால், 10 விநாடிக்குள் முடியும் முழுவேக ஓட்டம். இதற்கான சக்தியில் பெரிய பங்கு, தசையில் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற உடனடிச் சக்தி இருப்பிலிருந்து வருகிறது. ஓடியதில் செலவானதில் பாதி திரும்பச் சேர அரை நிமிடம் போல ஆகும். ஏறக்குறைய முழுவதும் சேர 3 முதல் 5 நிமிடம். அதனால் 10 விநாடி ஓட்டத்துக்கு 2 நிமிடமாவது ஓய்வு கொடுங்கள், 3 என்றால் இன்னும் நல்லது. சோம்பேறித்தனமாகத் தெரியும், தெரியட்டும். அவசரப்பட்டுக் கிளம்பினால் வேகம் குறையும். அப்புறம் அது வேகப் பயிற்சியே இல்லை.

தாக்குப்பிடிக்கும் திறனுக்கு என்றால் கணக்கு வேறு. 3 நிமிடம் ஓடினால் 2 முதல் 3 நிமிட ஓய்வு போதும். அதற்கு மேல் நீட்டினால் இதயத்துடிப்பு ரொம்ப இறங்கி, ஒவ்வொரு முறையும் அதை மறுபடி மேலே கொண்டுவரவே நேரம் போய்விடும்.

2. முதல் நாள்

10 நிமிடம் மெதுவான ஓட்டம். பிறகு 1 நிமிடம் வேகம், 2 நிமிடம் நடை. இப்படி 6 சுற்று. இரண்டு மூன்று சொல் பேச முடியும், முழு வாக்கியம் பேச முடியாது என்கிற அளவு வேகம் போதும். கடைசியில் சிறிது நேரம் நடந்துவிட்டு முடியுங்கள்.

3. நேரத்தை எழுதுங்கள்

முக்கியமான படி இதுதான். சில நாள் பழகியதும் 200 மீட்டரை அளந்து, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறியுங்கள். 48, 48, 49, 49, 50, 55 விநாடி என்று வருகிறதா? ஐந்தாவதோடு நிறுத்தியிருக்கலாம், அல்லது ஓய்வில் 30 விநாடி கூட்டியிருக்கலாம். 43, 47, 50, 53 என்று வந்தால் ஓய்வைக் குறை சொல்லாதீர்கள். முதல் சுற்றிலேயே துள்ளிவிட்டீர்கள்.

நாடியையும் பார்க்கலாம். ஜெர்மானியப் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரின் முறையில் துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறும். 90 விநாடிக்குள் 120க்கு இறங்காவிட்டால் சுமை அதிகம் என்று பொருள். அவருடைய மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் 800 மீட்டரை 1:46.6-ல் ஓடி உலக சாதனை படைத்தார். வயதுக்கு வயது துடிப்பு மாறும் என்பதால் அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

4. ஓய்வில் என்ன செய்வது?

குறுகிய ஓட்டத்துக்குப் பின் நடை, நீண்ட ஓட்டத்துக்குப் பின் மெதுவான ஜாகிங். சட்டென்று உட்கார வேண்டாம். கால்களில் இரத்தம் தேங்கித் தலை சுற்றலாம்.

20 விநாடி வேகம், 10 விநாடி ஓய்வு என்ற டபாட்டா முறை உங்களுக்கு இப்போது வேண்டாம். அந்த முறையைச் சோதித்து 1996-ல் வெளியான ஆய்வில் பங்கேற்றவர்கள் நிலைச் சைக்கிளில் களைத்து ஓயும்வரை மிதித்தவர்கள்.

5. எப்போது கூட்டுவது?

வாரம் இரண்டு நாள், நடுவில் 48 மணி நேர இடைவெளி. கடைசிச் சுற்றின் நேரமும் முதல் சுற்றின் நேரமும் ஒட்டி வரத் தொடங்கியதும் ஒரு சுற்று கூட்டுங்கள். ஓய்வைக் குறைப்பது அதற்கு அப்புறம், 15 விநாடி வீதம். அந்த வாரம் வேகத்தில் கைவைக்காதீர்கள்.